உரமும் உப்புதானாம், அப்ப கல்லுப்பையே தேயிலைக்கு போட்டா என்ன?

2025 ஜூன் 2, காலை (கொட்டகலைப் பக்கத்து வாசகர் ஒருத்தர் கேட்டது)

மகள் விஞ்ஞான கொப்பியில அமோனியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைட், சோடியம் குளோரைட் எல்லாமே உப்புன்னு எழுதியிருக்கு. நமக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கு, உரம் மூடை வாங்க ஒவ்வொரு தடவையும் காசு தேடி அலையணும். எல்லாம் உப்புதான்னா கடையில விக்கிற கல்லுப்பை ரெண்டு மூடை வாங்கி செடிக்கு போட்டா என்ன? வெளையாட்டுக்கு கேக்கல, உண்மையாத்தான் கேக்குறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 2, இரவு

போட்டுறாதீங்க அண்ணே. முதல்ல இத சொல்லிட்டு பிறகு காரணத்துக்கு வர்றேன். நான் தோட்டத்து பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், எங்கம்மா கொழுந்தெடுத்து எங்கள வளத்தவங்க, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

மகள் எழுதினது சரி. அமிலமும் காரமும் சேர்ந்தா ஒண்ண ஒண்ணு அடக்கும், தண்ணி போக மிஞ்சுறதுதான் உப்பு. அதுல எப்பவும் ரெண்டு பங்கு இருக்கும், நேர் ஏற்றம் உள்ளது ஒண்ணு, எதிர் ஏற்றம் உள்ளது ஒண்ணு. சல்பேட் மூடையில நேர் பக்கம் அமோனியம், அதுலதான் நைதரசன் இருக்கு, நூறு கிலோ சல்பேட் போட்டா 21 கிலோ நைதரசன், கொழுந்து தள்ளுறது அதாலதான். எம்.ஓ.பி.ன்னு சொல்ற பொட்டாசியம் குளோரைட் உரத்துல நேர் பக்கம் பொட்டாசியம். கல்லுப்புல அந்த எடத்துல உக்காந்திருக்கிறது சோடியம், அத வச்சு தேயிலை ஒண்ணும் செய்யாது.

ஒண்ணும் செய்யாதுன்னா பரவாயில்ல, கெடுதலும் செய்யும். வேர் தண்ணி உறிஞ்சணும்னா வேருக்குள்ள இருக்குற சாறு வெளிய இருக்குற மண் தண்ணியவிட செறிவா இருக்கணும். மண்ணுல உப்ப கொட்டினா கணக்கு தலைகீழ், வெளிய செறிவு கூடிரும், வேர்ல இருக்குற தண்ணியே வெளிய போயிரும், மழை கொட்டுற மலையில செடி தாகத்துல காயும். பிறகு சோடியம் களிமண் கட்டிய ஒடைச்சு மாவாக்கும், மழை பேஞ்சா சேறு, வெயில் அடிச்சா காறை, தண்ணி உள்ள எறங்காது. குளோரைட் கூடினா இலை ஓரம் கருகும். எம்.ஓ.பி.லயும் குளோரைட் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா போடுற அளவு கொஞ்சம், நம்ம மழை அத கழுவிட்டு போயிரும்.

உண்மையான உரமே ஒரே எடத்துல குமிஞ்சா இதே வேலைதான். எங்க மலையில முந்தி றோட்டோரமா சல்பேட் மூடை ஒண்ணு கிழிஞ்சு கொட்டிருச்சு, அள்ளினது போக மிச்சம் மண்ணுலயே கெடந்துச்சு. சுத்தியிருந்த செடியெல்லாம் இலை பழுத்து காஞ்சு குச்சியா நின்டுச்சு, பல மாசம் கழிச்சும் அந்த எடம் மட்டும் சொட்டையா தெரியும். செடிக்கு நல்லதுன்னு வாங்கின சாமான்தான் அது.

தென்னை மட்டும் இதுல விதிவிலக்கு. அதுக்கு குளோரின் கொஞ்சம் கூடவே தேவை, பிலிப்பைன்ஸ்ல கறியுப்பையே தென்னைக்கு உரமா சிபாரிசு பண்றாங்க. கடல் காத்துல நிக்கிற மரம் அது. தேயிலை மலைக்காட்டுச் செடி, ரெண்டையும் ஒண்ணா பாக்காதீங்க.

ஜூன் 2, இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சு

கீழ ஒரு தம்பி "அப்ப யூரியாவும் உப்புதானே"ன்னு கேட்டிருக்கார். இல்ல தம்பி. யூரியா பாக்க வெள்ளையா உருண்டையா உப்பு மாதிரி இருக்கும், தண்ணியில கரையும், ஆனா அதுல ஏற்றம் உள்ள ரெண்டு பங்கு கிடையாது, அது சேதனச் சேர்வை. நைதரசன் மட்டும் 46 வீதம். மண்ணுல விழுந்த பிறகுதான் கிருமிகளோட நொதியம் அத உடைச்சு அமோனியமா மாத்தும்.

2021 ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். மே மாசம் இரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டினாங்க, கொழுந்து விழுந்துச்சு, அக்டோபர்ல தேயிலைக்கு அமோனியம் சல்பேட் கொண்டு வர வழி விட்டாங்க, நவம்பர்ல தடையையே எடுத்தாங்க. அந்த மாசங்கள்ல கொழுந்து கூடையில எவ்வளவு கொறைஞ்சுச்சு, அது சம்பளத்துல எப்பிடி விழுந்துச்சுன்னு லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்தவங்களுக்கு தெரியும். ஒரு உப்பு நாட்டுக்குள்ள வராம போனா என்ன ஆகும்னு நம்மளவிட கூட யாருக்கும் விளங்காது.

ஜூன் 4

அட்டைக்கு உப்பு வைக்கிறது பத்தி ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, அதுவும் அதே கணக்குதான், வேர்ல நடக்கிறது அட்டை தோல்ல நடக்குது. அட்டை தோல் மெல்லிசு, எப்பவும் ஈரம். உப்பு பட்டவுடனே உள்ள இருக்குற தண்ணி வெளிய வந்துரும், அது சுருண்டு விழுந்துரும்.

எங்கம்மா ஜூன் ஜூலை மழையில மலைக்கு போகும்போது பழைய சேலைத் துண்டுல கல்லுப்ப முடிஞ்சு இடுப்புல சொருகியிருப்பாங்க. விடியக்காலம் பிரட்டுக்கு (வேலைக்கு பேர் பதியிற எடத்துக்கு) போக முன்ன சவுக்காரத்த கெட்டியா கரைச்சு காலுல முழங்கால் வரைக்கும் பூசுவாங்க, அது காஞ்சு வெள்ளைப் படையா நிக்கும். மலையில நிக்கும்போது அந்த உப்பு முடிச்ச பனித்தண்ணியில நனைச்சு கணுக்கால சுத்தி ஒரு தேய். மத்தியானம் ஆகும்போது முடிச்சுல உப்பு கரைஞ்சு துணி மட்டும்தான் இருக்கும், சேலை ஓரத்துல உப்பு காஞ்சு வெள்ளை கோடு விழுந்திருக்கும். காலுல செருப்பு வெட்டின காயத்துல அந்த உப்பு பட்டா என்ன எரி எரியும்னு நெனச்சுப் பாருங்க. ஒரு நாள்கூட அத பத்தி அவங்க பேசி நான் கேட்டதில்ல.

ஜூன் 4, பின்னேரம்

ஒண்ணு விட்டுப்போச்சு. கடிச்சுக்கிட்டு இருக்கிற அட்டை மேல உப்பு கொட்டாதீங்க, கால்ல ஏறாம இருக்க பூசுறது வேற, கடிச்ச பிறகு கொட்டுறது வேற. உப்பு பட்டா அது வயித்துல இருக்கிறத கடிவாயிலேயே கக்கிட்டு விழும், புண்ணு பழுக்கிறதுக்கு அது ஒரு காரணம். நகத்த தோலோட ஒட்டினாப்ல வச்சு வாய்ப்பக்கமா தள்ளுங்க, வழுக்கிட்டு வந்துரும். ரத்தம் நிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், சவுக்காரம் போட்டு கழுவி துணி வச்சு அழுத்தினா போதும்.

ஜூன் 7

நுவரெலியாவுல இருக்கிற அக்கா கேட்டது: உப்பு போத்தல்ல தண்ணி நிக்குது, கடைக்காரன் ஈர உப்ப குடுத்துட்டானா?

கடைக்காரர் மேல பழி போடாதீங்கக்கா. சுத்தமான சோடியம் குளோரைட்கூட காத்துல ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல போனா தண்ணி இழுத்து தானா கரையத் தொடங்கும். இந்த மாசத்துல நுவரெலியா காத்து ராப்பகலா அதுக்கு மேலதான் நிக்கும், மூடுபனி வீட்டுக்குள்ளயே வரும். அதோட கடல் உப்புல மக்னீசியம் குளோரைட் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது 33 வீதத்துலயே தண்ணி இழுக்கும், அப்பிடின்னா மலையில அது காஞ்சு இருக்கிற நாளே கிடையாது. நாக்குல லேசா கசப்பு தட்டும் பாருங்க, அதுவும் அந்த மக்னீசியந்தான்.

உப்பளத்துல கடல் தண்ணி வத்தும்போது மக்னீசியம் உப்புக்கு முன்னமே கறியுப்பு மணியாகும், மக்னீசியம் உப்பெல்லாம் மிச்சத் தண்ணியில நிக்கும், அத வடிச்சு விடணும். வாரின உப்ப அம்பாரமா குமிச்சு வைக்கிறதும் அதுக்குத்தான், ஒட்டியிருக்கிற கசப்புத் தண்ணி தானா கீழ வடிஞ்சுரும். அவசரத்துல மூடை கட்டின உப்பு கூடுதலா அழும். மழை தப்பிப் பேஞ்சா உப்பு விளையவே விளையாது, போன மாசம் கடை கடையா ஏறி எறங்கியும் உப்பு கெடைக்காம நின்டோமே, புத்தளத்துலயும் அம்பாந்தோட்டையிலயும் பேஞ்ச மழை நம்ம அட்டன் கடையில வந்து நின்ட கதை அது.

செய்ய வேண்டியது: இறுக்கி மூடுற போத்தல், அடுப்புக்கு கொஞ்சம் தள்ளி சூடு படுற தட்டு, ஈரக்கரண்டி உள்ள போகக்கூடாது. ஒரு கைப்பிடி வறுத்த அரிசிய துணியில கட்டி உள்ள போட்டா ஈரத்த அது இழுத்துக்கும். சட்டியில திறந்து வைக்கிற பழக்கம் வேணாம், அதுக்கு வேற காரணமும் இருக்கு, அயடின் பத்தி எழுதும்போது சொல்றேன்.

ஜூன் 7, இரவு

தூள் உப்பு பைக்கட்டுல "பெரோசயனைட்"னு ஒரு பேர் இருக்கு, சயனைட் கலக்கிறாங்கன்னு வாட்சப்ல ஒரு குரல் பதிவு சுத்துது, அனுப்பினவங்க கோவிக்காதீங்க, அது தப்பு. உப்பு கட்டி பிடிக்காம இருக்க ரொம்ப சின்ன அளவுல அத போடுவாங்க, அதுல சயனைட் பங்கு இரும்போட இறுக்கமா பிணைஞ்சு கெடக்கு, சோத்துலயோ வயித்துலயோ அது பிரியாது. சோடியத்த தனியா எடுத்தா தண்ணி பட்டவுடனே தீப்பிடிக்கிற உலோகம், குளோரின தனியா எடுத்தா நெஞ்ச அரிக்கிற வாயு, ரெண்டும் சேர்ந்ததத்தான் தினம் சோத்துல போட்டு சாப்பிடுறோம். பேர்ல ஒரு பங்க மட்டும் புடிச்சுக்கிட்டு பயப்படுறதுல அர்த்தமில்ல.

ஜூன் 9

யாழ்ப்பாணத்துல கல்யாணம் கட்டிப்போன தங்கச்சி ஒருத்தி எழுதியிருக்கா, ஊர்ல பீலியில (மலைத்தண்ணி விழுற குழாயில) குளிச்சா ஒரு தேய்லயே நுரை பொங்கும், அங்க சவுக்காரம் தேயுதே ஒழிய நுரை வரமாட்டேங்குதுன்னு. இதுக்கு பதில் எழுத எனக்கே ஆசையா இருந்துச்சு, ஏன்னா சவுக்காரமும் உப்புதான்! தேங்காயெண்ணெய் மாதிரி கொழுப்பு ஒண்ண காரத்தோட காய்ச்சினா வர்ற சோடியம் உப்பு.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி அதுக்குள்ள ஊறி எறங்கும்போது கல்சியத்த கரைச்சு எடுத்துக்கிட்டு கெணத்துக்கு வரும். சவுக்காரம் அந்த தண்ணியில பட்டா சோடியத்த விட்டுட்டு கல்சியத்தோட சேர்ந்துரும், அந்த கல்சிய உப்பு தண்ணியில கரையாது, அதுதான் வாளி ஓரத்துல சாம்பல் நெறத்துல படியிற அழுக்கு. கல்சியம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும், அதுக்குள்ள சவுக்காரம் பாதி போயிரும். நம்ம மலை கருங்கல் பாறை, தண்ணி அது மேல ஓடி வந்தாலும் ஒண்ணையும் பெருசா கரைக்காது, அதனால மென்தண்ணி. தேத்தண்ணிக்கும் இதே கதைதான், வன்தண்ணியில ஊத்தின பிளேன்டீ மேல மெல்லிசா ஆடை கட்டும், நெறமும் மங்கும். தங்கச்சி, ஊர்ல இருந்து தேயிலை அனுப்புறாங்க, ருசி மட்டும் வர்றதில்லைன்னு சொல்லியிருந்தீங்க, தேயிலைய குறை சொல்லாதீங்க, தண்ணிதான். மழைத்தண்ணிய புடிச்சு வச்சு ஒரு தடவை ஊத்திப் பாருங்க.

அம்மாயி காலத்துல சட்டி தேய்க்க அடுப்புச் சாம்பல்தானே. விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் காபனேட் இருக்கு, அது எண்ணெப் பிசுக்கோட சேர்ந்து அங்கயே கொஞ்சம் சவுக்காரமா மாறிரும். அம்மாயிக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது, எந்த விறகு சாம்பல் நல்லா அழுக்கெடுக்கும்னு தெரியும்.

ஜூன் 12

அயடின். பிங்க் உப்பு நல்லதா, இந்துப்பு நல்லதான்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு.

பிங்க் உப்பு வர்றது பாகிஸ்தான்ல கேவ்ரா சுரங்கத்துல இருந்து, எப்பவோ இருந்த கடல் வத்தி மண்ணுக்குள்ள புதைஞ்ச உப்பு. நூத்துக்கு 98 பங்குக்கு கிட்ட நம்ம கறியுப்புதான், செவப்பு இரும்பு ஒட்சைட்டால. அதுல இருக்குற மத்த கனிமத்தால உடம்புக்கு பிரயோசனம் வரணும்னா ஆளையே சாய்க்கிற அளவு உப்பு தின்னணும். எனக்கு அதுல இருக்குற பெரிய கவலை வெலை இல்ல, பெரும்பாலும் அதுல அயடின் சேர்க்கிறதில்ல.

மழை கூடின மலை மண்ணுல அயடின் தங்காது, கழுவிட்டு கடலுக்கு போயிரும். அந்த மண்ணுல விளையிற மரக்கறியிலயும் இருக்காது. கழுத்துல கழலை வீங்கின பொம்பளைங்கள நாங்க சின்ன வயசுல லயத்துல பாத்திருக்கோம், இப்ப உள்ள பிள்ளைங்க அத பாக்கிறதே அபூர்வம். 1995ல இருந்து இலங்கையில மனுசர் சாப்பிடுற உப்புக்கு அயடின் சேர்க்கணும்னு சட்டம். தாய்க்கு அயடின் பத்தாட்டி வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சிதான் அடிபடும், கழலை வெளிய தெரியிறது, இது தெரியாமலே போயிரும். அதனால கர்ப்பிணி இருக்குற வீட்டுல பிங்க் உப்ப மட்டும் நம்பாதீங்க, இத கெஞ்சி கேக்குறேன்.

சேர்க்கிறதும் ஒரு உப்புதான், பொட்டாசியம் அயடேட். அயடைட்டவிட அது ஈரத்துக்கு கொஞ்சம் தாக்குப்புடிக்கும். ஆனா உப்பு அழுதுச்சுன்னா அந்த தண்ணியோட அயடேட்டும் எறங்கி சட்டி அடிக்கு போயிரும், மேல அள்ளுற உப்புல கொறைஞ்சுரும். ஈர உப்ப கழுவி காய வைக்கிறவங்க இருக்கீங்க, செய்யாதீங்க, கழுவுற தண்ணியில போறது அதுதான். நுவரெலியா அக்கா, மூடி போட சொன்னது இதுக்குத்தான். கறி எறக்கிற நேரம் உப்பு போட்டா கொதியில போற அயடினும் மிஞ்சும்.

அளவும் சொல்லிருறேன். உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கொறைவு, ஒரு தேக்கரண்டி. நம்ம காலையில ரொட்டியும் கட்டசம்பலும், மத்தியானம் கருவாடு, அதுலயே அந்தக் கரண்டி முடிஞ்சுரும். அயடின் வேணும்னு உப்ப கூட்டாதீங்க.

ஜூன் 12, இரவு, சும்மா ஒரு கதை

கண்டி ராச்சியத்துக்கு உப்புதான் கழுத்துல கயிறு. மலையில நெல்லு உண்டு, பாக்கு உண்டு, மிளகு உண்டு, உப்பு கிடையாது. தவளம் மாடுங்க பாக்கு பொதி சுமந்து கடற்கரைக்கு எறங்கும், உப்பும் கருவாடும் ஏத்திக்கிட்டு திரும்பும். 1766ல ஒல்லாந்தர் கண்டி ராசாவோட போட்ட ஒப்பந்தத்துல கரையோரம் முழுக்க அவங்க கைக்கு போச்சு, அதுலயும் சிலாபம் புத்தளம் பக்கத்து உப்பளத்துல கண்டி ஆளுங்க உப்பு எடுக்கலாம்னு ஒரு வரி தேவைப்பட்டுச்சு. போன மாசம் உப்புக்கு வரிசையில நின்டப்ப எனக்கு அந்த வரிதான் மனசுல ஓடுச்சு.

ஜூன் 15

பூண்டுலோயாப் பக்கத்து அம்மா ஒருத்தர், பிள்ளைக்கு வயித்தால போகுது, ஜீவனி (வயித்தோட்டத்துக்கு கரைச்சு குடுக்குற உப்புத் தூள்) பைக்கட்ட பால்ல கரைச்சு குடுக்கலாமான்னு கேட்டிருக்காங்க.

வேணாம்மா. ஒரு லீட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, ஒரு முழு பைக்கட்டு, வேற ஒண்ணும் சேர்க்கக்கூடாது. சீனியும் சேர்க்காதீங்க. பாதி பைக்கட்டு பாதி லீட்டர்னு கண்மதிப்புக்கு பிரிக்காதீங்க. உலக சுகாதார அமைப்பு 2002ல திருத்தின கணக்கு ஒரு லீட்டருக்கு கறியுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5, சிட்ரேட் உப்பு 2.9, குளுக்கோஸ் 13.5. குடல் சுவர்ல குளுக்கோசும் சோடியமும் ஒண்ணாத்தான் உள்ள போகும், அதுங்க பின்னால தண்ணி போகும். அளவு மாறினா தண்ணி உள்ள போறதுக்கு பதிலா வெளிய வரும், வயித்தோட்டம் கூடும், மேல வேரும் அட்டையும்னு எழுதினேனே, அதே கணக்கு பிள்ளை குடல்ல நடக்கும். கரைச்சத 24 மணித்தியாலத்துக்கு பிறகு ஊத்திருங்க. பிள்ளை சோர்ந்து கெடந்தா, கண்ணு குழி விழுந்தா, மூத்திரம் போகாட்டி, இங்க எழுதிக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

ஜூன் 15, பதிலுக்கு பதில்

பிள்ளை தேறிட்டான்னு அம்மா எழுதியிருக்காங்க. சந்தோசம்.

ஜூன் 19

இன்னைக்கு எழுதுறது தோட்டத்து பொம்பளைங்களுக்கு, அவங்க வீட்டு ஆம்பளைங்களும் வாசிங்க.

கிளினிக்ல குடுக்குற இரும்புக் குளிசையும் உப்புதான், பெரஸ் சல்பேட் இல்லாட்டி பெரஸ் பியூமரேட். நம்ம மலையில ரத்தம் கொறைஞ்ச பொம்பளைங்க எவ்வளவு பேர்னு மருத்துவிச்சி மிஸ்ஸிமாரக் கேட்டா தெரியும். குளிசை எல்லாரும் வாங்குறாங்க, எதோட விழுங்குறாங்கன்னு பாருங்க. தேத்தண்ணியோட! காலையில ரொட்டிய கடிச்சுக்கிட்டு கையில இருக்குற பிளேன்டீய வச்சே குளிசையயும் எறக்கிருறது, ஏன்னா அடுப்புல கொதிக்கிறது அதுதான்.

நான் வகுப்புல செஞ்சு காட்டுறத இங்க எழுதுறேன், நீங்களும் வீட்டுல செஞ்சு பாருங்க. கண்ணாடி கிளாஸ்ல நல்ல சாயம் எறங்கின பிளேன்டீ, சீனி பால் இல்லாம. இரும்புக் குளிசை ஒண்ண அம்மியில பொடிச்சு அதுல போட்டு கிண்டி வைங்க. செம்பு நெறத்துல இருந்த தண்ணி முதல்ல மங்கும், பச்சை கலந்த பழுப்பாகும், காத்து பட பட ஓரத்துல இருந்து கருநீலம் படரும், கொஞ்ச நேரத்துல கிளாஸுக்கு அந்தப் பக்கம் விரல் தெரியாது. அடியில கறுப்பா சேறு நிக்கும். வகுப்புல பொம்பளைப் பிள்ளைங்க அத பாத்துட்டு பேசாம உக்காந்துருவாங்க, அவங்க அம்மா அக்கா குளிசை எப்பிடி விழுங்குறாங்கன்னு அவங்களுக்கு தெரியும்.

தேயிலைச் சாயத்துல இருக்குற தனின் வகை இரும்ப புடிச்சுக்கிட்டு கரையாத சேர்வையாயிரும், குடல் அத உறிஞ்சாது. முந்தி கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினாங்களே, அன்னபேதிங்கிறது இதே பெரஸ் சல்பேட், கடுக்காய்ல இருக்குறது இதே தனின். ஐரோப்பாவுலயும் நூத்தாண்டுக் கணக்கா ஓக் மரத்துல பூச்சியால வீங்கி வர்ற மாசிக்காய வச்சு இதே மையிலதான் எழுதினாங்க. அந்த மையத்தான் நம்ம பொம்பளைங்க வயித்துக்குள்ள காய்ச்சுறாங்க, ரத்தத்துக்கு போக வேண்டிய இரும்பு வெளிய போகுது.

தேத்தண்ணிய விட சொல்லல, யாரும் விடவும் மாட்டாங்க, குளிருக்கு அதுதான் தெம்பு. குளிசைக்கு முன்ன ஒரு மணித்தியாலம், பின்ன ரெண்டு மணித்தியாலம் தேத்தண்ணி வேணாம், அவ்வளவுதான். தண்ணியோட விழுங்குங்க, கூட குடுக்குற விட்டமின் சி குளிசைய சேர்த்து போடுங்க, அது இரும்ப உறிஞ்ச உதவும், இல்லாட்டி தேசிக்காய் தண்ணி. ராத்திரி படுக்கப் போக முன்ன போடுறது நிறைய பேருக்கு சுகம், வயித்துப் பெரட்டலும் கொறையும். கல்சியம் லக்டேட் குளிசையும் குடுப்பாங்க, அதுவும் உப்புதான், இரும்போட ஒண்ணா போட்டா அதுவும் இரும்ப மறிக்கும், பகல்ல சோத்தோட போடுங்க.

மலம் கறுப்பா போகுதுன்னு பயந்து குளிசைய நிப்பாட்டினவங்கள எனக்கு தெரியும். உறிஞ்சாம மிஞ்சின இரும்பால அப்பிடி போகும், பயப்பட ஒண்ணுமில்ல, நிப்பாட்டாதீங்க. வயித்து வலி கூட இருந்தா மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க.

ஜூன் 20

ராவோட ராவா இத்தனை பேர் அந்த கிளாஸ் போட்டோவ போட்டிருக்கீங்க. ஒருத்தர் பால் தேத்தண்ணியில செஞ்சிருக்கார், அது சாம்பல் நெறமாத்தான் வரும், பால்ல உள்ள புரதம் சாயத்துல ஒரு பங்க புடிச்சுக்கும். அதுக்காக பால் தேத்தண்ணியோட குளிசை போடலாம்னு நெனைக்காதீங்க, பால்ல கல்சியம் இருக்கு. பொடிச்ச குளிசை மிச்சத்த பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, இரும்புக் குளிசைய முட்டாசி, இனிப்புன்னு தின்னுட்டா சின்னப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து.

ஜூன் 24

ஹைட்றேஞ்சியா படம் போட்டவங்களுக்கு: ஒரே செடியில ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் ரோஸ் வந்ததுக்கு காரணம் மந்திரமில்ல, உங்க வீட்டுப் புதுச் சிமெந்துச் சொவர். நம்ம மண் புளிப்பு மண், புளிப்புல அலுமினியம் உப்பு கரைஞ்சு வேருக்குள்ள போகும், பூ நீலமாகும். சிமெந்துல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சு சொவரோரத்து மண்ணோட புளிப்ப எடுத்துருச்சு, அந்தப் பக்கத்து வேருக்கு அலுமினியம் கெடைக்கல, அதான் ரோஸ். பங்களா வேலியோரம் பூராவும் நீலமா நிக்கிறத பாத்தா தெரிஞ்சுக்கலாம், அது தேயிலைக்கு ஏத்த மண்.

ஜூன் 27

கொட்டகலை அண்ணன் திரும்ப வந்திருக்கார். கல்லுப்பு யோசனைய விட்டுட்டாராம், சல்பேட் ஒரு மூடையும் டொலமைட் ஒரு மூடையும் வாங்கிட்டாராம், பக்கத்து வீட்டுல மிஞ்சின நீத்துச் சுண்ணாம்பும் இருக்காம், மூணையும் கலந்து ஒரே நாள்ல வீசிரலாமான்னு கேக்குறார்.

கலக்காதீங்க அண்ணே. அமோனியம் உப்போட சுண்ணாம்பு சேர்ந்தா அமோனியா வாயு கெளம்பும். ஒரு சிட்டிகை சல்பேட்ட உள்ளங்கையில வச்சு கொஞ்சம் சுண்ணாம்பும் ஒரு சொட்டுத் தண்ணியும் விட்டு தேய்ச்சு மோந்து பாருங்க, மூக்கு எரியும், கண்ணு கலங்கும், பிறகு கைய கழுவிருங்க. அந்த வாசம்தான் நீங்க காசு குடுத்து வாங்கின நைதரசன். டொலமைட் அவ்வளவு வேகமா வேலை செய்யாது, ஆனா அதையும் உரத்தோட சேர்த்து போடுற வழக்கமில்ல, இடைவெளி விடணும்.

தேயிலைக்கு மண் பி.எச். (புளிப்ப அளக்குற இலக்கம், கொறைய கொறைய புளிப்பு கூட) 4.5ல இருந்து 5.5க்குள்ள நிக்கணும். சல்பேட் போட போட மண் புளிப்பு கூடும், அமோனியம் மண்ணுல மாறும்போது அமிலம் வரும். அந்தக் கோட்டுக்கு கீழ எறங்கினா டொலமைட் போட்டு தூக்கணும், அது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேட் உப்பு, நம்ம மாத்தளை, திகணைப் பக்கத்துல வெட்டுறதுதான், கவ்வாத்து வெட்டுற காலத்த ஒட்டி போடுவாங்க. நீத்துச் சுண்ணாம்பு வேணாம், ஒரேயடியா தூக்கி விட்டுரும். அனுராதபுரம் பக்கம் எப்பாவலயில வெட்டுற பொஸ்பேட் பாறைய பத்தியும் கேட்டிருந்தீங்க, அது தண்ணியில கரையாத உப்பு, நெல்லுக்கு பிரயோசனப்படாது, ஆனா நம்ம புளிப்பு மண்ணுல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தேயிலைக்கு வருசக்கணக்கா கெடைக்கும். மண்ண ரொம்ப டொலமைட் போட்டு தூக்கிட்டா அது கரையிறதும் நின்டுரும், அதையும் யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் மண்ண பாக்காம சொல்றது. உங்க மண் இப்ப எத்தனையில நிக்குதுன்னு தெரியாம டொலமைட் மூடைய பிரிக்க வேணாம். தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1925ல இருந்து இந்த வேலைதான் அவங்களுக்கு, கொட்டகலையில இருந்து ரயில்லயே போகலாம். அரை ஏக்கர்ல பல எடத்துல தோண்டி, மேல் சருக தள்ளிட்டு, மண்ண எடுத்து ஒண்ணா கலந்து நிழல்ல காய வச்சு, உரம் வந்த பை இல்லாம புதுப் பையில கொண்டு போங்க. முடிவு வந்த பிறகு இலக்கத்த இங்க போடுங்க, எவ்வளவு டொலமைட்னு பேசுவோம். சல்பேட் மூடைய அதுவரைக்கும் தரையில வைக்காதீங்க, பலகை மேல ஏத்தி வாய இறுக்கி கட்டி வைங்க, அதுவும் ஈரம் இழுக்கும்.